இவ்வளவு வசதி வந்தும் ஏன் நேரமே இல்லை?

கேள்வி இதுதான்: தொழில்நுட்பம் நம் அன்றாட வாழ்க்கையை எப்படி மாற்றியிருக்கிறது? துவைக்க மெஷின், வழி காட்ட மேப், பேச வீடியோ கால் என்று எல்லாம் வந்த பிறகும் யாரைக் கேட்டாலும் நேரமே இல்லை என்கிறார்களே, அது ஏன்?

சுருக்கமான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு கருவி வந்தால் வேலை சுலபமாகிறது, அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த வேலையை எவ்வளவு செய்ய வேண்டும், எவ்வளவு சீக்கிரம் செய்ய வேண்டும், யார் செய்ய வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் கூடவே மாறிவிடுகிறது. கருவி மிச்சம் பிடித்துக் கொடுத்த நேரத்தை அந்த எதிர்பார்ப்பு வந்து வாங்கிக்கொண்டு போய்விடுகிறது. தொழில்நுட்பம் வரமா சாபமா என்று பட்டிமன்றம் நடத்துவதில் எனக்கு ஆர்வமில்லை. எதிர்பார்ப்பு எங்கே, எப்படி மாறியது என்று பார்த்தால் விஷயம் தானாக விளங்கும்.

இதற்கு நல்ல சான்று வாஷிங் மெஷின். அமெரிக்காவில் வெளி வேலைக்குப் போகாத இல்லத்தரசிகள் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வீட்டு வேலை செய்தார்கள் என்ற பழைய பதிவுகளைத் தொகுத்து, ஜோஆன் வானெக் என்ற சமூகவியலாளர் 1974-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். 1924-இல் சுமார் 52 மணி நேரம். மின்சாரமும் குழாய்த் தண்ணீரும் வாஷிங் மெஷினும் ஃபிரிட்ஜும் வீட்டுக்குள் வந்துவிட்ட 1960-களில் சுமார் 55 மணி நேரம். குறையவே இல்லை. துணி துவைக்கும் நேரத்தை மட்டும் தனியாகப் பார்த்தால் அது கூடியிருந்தது!

இது எப்படி நடந்தது? கையால் துவைத்த காலத்தில் தண்ணீர் சுமந்து வந்து, காய்ச்சி, ஊறவைத்து, தேய்த்து, பிழிந்து உலர்த்துவதற்குள் ஒரு நாள் போய்விடும். அவ்வளவு பாடு என்பதால் ஒரு சட்டையைப் பல நாள் போட்டார்கள். யாரும் முகம் சுளிக்கவில்லை. மெஷின் வந்ததும் பாடு குறைந்தது, அழுக்கின் அளவுகோலும் இறங்கிவிட்டது. ஒரு முறை போட்டால் கூடையில் போடு என்றாயிற்று. படுக்கை விரிப்பு, துண்டு, திரைச்சீலை என்று துவைக்க வேண்டியவற்றின் பட்டியல் நீண்டது. கலந்து போட்டால் சாயம் ஏறும் என்று பிரிப்பது, உலர்த்துவது, மடிப்பது, அவரவர் அலமாரியில் வைப்பது எதையும் மெஷின் செய்யவில்லை.

இன்னொன்றும் நடந்தது. ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் என்ற வரலாற்றாசிரியர் 1983-இல் இதை விரிவாக எடுத்துக் காட்டினார். முன்பு சலவைக்கு வெளியாள் வருவார், அல்லது மூட்டை கட்டிச் சலவைக் கூடத்துக்கு அனுப்புவார்கள். விறகு வெட்ட ஆண்கள், தண்ணீர் எடுக்கப் பிள்ளைகள் என்று வீட்டு வேலையில் பலருக்குப் பங்கு இருந்தது. கருவிகள் வந்ததும் மிச்சமானது பெரும்பாலும் அந்த மற்றவர்களின் உழைப்பு. பல கைகள் செய்த வேலை ஒரே கைக்கு வந்து சேர்ந்தது. "அதான் மெஷின் இருக்கே, உனக்கென்ன கஷ்டம்?" என்ற கேள்வியும் கூடவே வந்தது.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். மணிக்கணக்கு குறையாவிட்டாலும் உடம்பு வலி குறைந்தது. கொதிக்கும் தண்ணீரில் கை வைத்துத் துவைத்த தலைமுறையிடம் போய் "உங்களுக்கு ஒன்றும் மிச்சமாகவில்லை" என்று சொன்னால் சிரிப்பார்கள். பழைய காலத்தை எண்ணி ஏங்குபவர்களில் பெரும்பாலோர் அந்தக் காலத்தில் தண்ணீர் சுமந்தவர்கள் அல்ல என்பது என் எண்ணம்.

போக்குவரத்திலும் இதே கதைதான். மக்கள் ஒரு நாளில் பயணத்துக்குச் செலவிடும் நேரம், நடந்து போன காலத்திலும் சரி, கார் ஓட்டும் காலத்திலும் சரி, சராசரியாக ஒரு மணி நேரத்தை ஒட்டியே இருக்கிறது என்று போக்குவரத்து ஆய்வாளர் யாகோவ் ஸஹாவி 1970-களிலும், அவரைத் தொடர்ந்து இத்தாலிய இயற்பியலாளர் சேசரே மார்க்கெட்டி 1994-இலும் சுட்டிக்காட்டினார்கள். எல்லா ஊருக்கும் எல்லா ஆளுக்கும் இது பொருந்தாது. ஆனால் போக்கு புரிகிறது: வேகமான வண்டி கிடைத்ததும் நாம் சீக்கிரம் வீடு திரும்பவில்லை, வீட்டைத் தள்ளிக் கட்டிக்கொண்டோம்.

நிமிடக் கணக்கில் வாழ்வதே ரயில் கற்றுக் கொடுத்த பழக்கம்தான். அதற்கு முன் ஒவ்வோர் ஊருக்கும் சூரியன் உச்சிக்கு வருவதுதான் நண்பகல். இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரக் கடிகாரம் லண்டனைவிடச் சுமார் 10 நிமிடம் பின்தங்கியிருந்தது, அதனால் யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை. கால அட்டவணை போட வேண்டிய ரயில் கம்பெனிக்குத்தான் அது தலைவலி. கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே 1840-இல் தன் நிலையங்கள் எல்லாவற்றிலும் லண்டன் நேரத்தை வைத்தது; 1880-இல் அதுவே அந்த நாட்டின் சட்டமாயிற்று. "பத்து நிமிஷம் லேட்" என்று ஒருவரைக் கடிந்துகொள்வதற்கு இப்படி ஓர் ஏற்பாடு தேவைப்பட்டிருக்கிறது.

இனி நம் எல்லாரையும் தினமும் பிடித்து ஆட்டும் விஷயத்துக்கு வருகிறேன்: செய்தி அனுப்புவது.

உலகின் முதல் எஸ்எம்எஸ் 1992 டிசம்பர் 3 அன்று போனது. நீல் பாப்வொர்த் என்ற இளம் பொறியாளர் கணினியில் தட்டி அனுப்பிய கிறிஸ்துமஸ் வாழ்த்து அது. வாங்கியவரின் கைபேசியில் திருப்பி எழுத வசதியே இல்லை. செய்தி வரும், படிக்கலாம், அவ்வளவுதான். பிறகு கைபேசியிலேயே எழுத முடிந்தது, பதில் போட முடிந்தது. அப்போதும் "போய்ச் சேர்ந்திருக்காது", "சார்ஜ் இல்லை", "பார்க்கவில்லை" என்று சொல்ல ஒரு சந்து இருந்தது. அந்தச் சந்து மனித உறவுக்கு எவ்வளவு தேவை என்பது அது அடைபட்ட பிறகுதான் தெரிந்தது.

2014 நவம்பரில் வாட்ஸ்அப் நீல டிக்கைக் கொண்டுவந்தது. ஒரு சாம்பல் டிக் என்றால் கிளம்பியது, இரண்டு என்றால் சேர்ந்தது, இரண்டும் நீலமானால் படித்தாயிற்று. தொழில்நுட்பமாகப் பார்த்தால் இது மிகச் சின்ன மாற்றம். உங்கள் கருவி சர்வருக்கு "திறந்துவிட்டார்" என்று ஒரு சிறு தகவலைத் திருப்பி அனுப்புகிறது, அவ்வளவே. ஆனால் அது என்ன செய்கிறது என்று கிட்டத்தில் போய்ப் பாருங்கள். ஒருவர் தன் தங்கைக்கு எழுதுகிறார்: "அன்னைக்கு நான் பேசினது தப்பா எடுத்துக்கிட்டியா?" இரண்டு நிமிடத்தில் டிக் நீலமாகிறது. மேலே "ஆன்லைன்" என்று காட்டுகிறது. "டைப்பிங்" என்று ஒரு நொடி வருகிறது, நின்றுவிடுகிறது. பிறகு ஒன்றுமில்லை. தங்கை பக்கம் நடந்தது என்னவென்றால், அவள் எழுத ஆரம்பித்தபோது மேலாளர் கூப்பிட்டார். அண்ணன் பக்கம் நடந்ததோ இரண்டு மணி நேர மன உளைச்சல். கடிதக் காலத்தில் இதே மௌனம் பதினைந்து நாள் நீடித்திருக்கும், ஒருவர் மனமும் புண்பட்டிருக்காது. இத்தனைக்கும் நடுவில் அவர்கள் இருவருக்கும் இடையே ஒன்றும் மாறவில்லை. பதில் எத்தனை நிமிடத்தில் வர வேண்டும் என்ற கணக்கு மட்டும் மாறியிருக்கிறது.

நீல டிக் வந்த சில நாட்களிலேயே பயனர்கள் முணுமுணுத்தார்கள், அதை அணைக்கும் வசதியும் விரைவிலேயே வந்தது. ஆனால் அணைத்து வைத்தால் "இவருக்கு மறைக்க என்ன இருக்கிறது?" என்ற அடுத்த கேள்வி வரும். ஒரு வசதி பொதுவாகிவிட்டால், அதைப் பயன்படுத்தாமல் இருப்பதும் ஒரு செய்தியாகிவிடுகிறது.

லொகேஷன் விஷயமும் அப்படித்தான். பூமிக்குச் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் அமெரிக்காவின் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் "இப்போது மணி என்ன, நான் எங்கே இருக்கிறேன்" என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கின்றன. குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களிலிருந்து அந்தக் குரல் வந்து சேரும் நேர வித்தியாசத்தை வைத்து உங்கள் போன் தன் இடத்தைக் கணக்கிடுகிறது. அந்த உயரத்தில் கடிகாரம் பூமியில் இருப்பதைவிட ஒரு நாளைக்குச் சுமார் 38 மைக்ரோவினாடி வேகமாக ஓடும். ஐன்ஸ்டீனின் சார்பியல் சொன்ன அந்த வித்தியாசத்தைத் திருத்தாவிட்டால் ஒரே நாளில் பத்து கிலோமீட்டர் அளவுக்குப் பிழை சேர்ந்துவிடும். 2000 மே மாதம் வரை அமெரிக்க அரசு பொதுமக்களுக்கான சிக்னலை வேண்டுமென்றே மங்கலாக்கித்தான் கொடுத்தது. அதை நிறுத்திய பிறகுதான் தெருவில் திரும்பச் சொல்லும் அளவுக்கு மேப் துல்லியமாயிற்று.

பிரமாதமான பொறியியல், மறுப்பதற்கில்லை. விளைவு? இப்போது யாரும் வழி சொல்வதில்லை. "லொகேஷன் போடு" என்கிறார்கள். கிளம்பியாயிற்றா என்று கேட்பதுகூடக் குறைந்து, லைவ் லொகேஷன் கேட்கிறார்கள். ராத்திரி தனியாக வரும் பெண்ணுக்கு அது பாதுகாப்பு. அதே பெண்ணின் கணவர் நாள் முழுக்க அதைக் கேட்டால் அதன் பெயர் வேறு. செயற்கைக்கோளுக்கு இந்த வித்தியாசம் தெரியாது.

மேப்பை நம்பி மூளை மழுங்கிவிடுமா என்ற கவலையையும் அடிக்கடி கேட்கிறேன். லண்டன் டாக்சி ஓட்டுநர்கள் உரிமம் வாங்க ஆயிரக்கணக்கான தெருக்களை மனப்பாடம் செய்ய வேண்டும். அவர்களின் மூளையில் இட நினைவோடு தொடர்புடைய ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியின் பின்புறம் மற்றவர்களைவிடப் பெரிதாக இருப்பதை நரம்பியல் ஆய்வாளர் எலினார் மக்வயர் குழுவினர் 2000-இல் கண்டார்கள். வழி நினைவு பயிற்சியால் வளரும் என்று இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். மேப் பார்ப்பவருக்கு மூளை சுருங்கும் என்று இதை வைத்துச் சொல்வது அதிகப்படி. எனக்கு இதில் பெரிய கவலை இல்லை. பெருக்கல் வாய்பாட்டைக் கால்குலேட்டரிடம் விட்டது போல வழியையும் விட்டிருக்கிறோம். தேவைப்பட்டால் திரும்பக் கற்றுக்கொள்ளலாம்.

அதைவிட எனக்குக் கவலை தருவது வேலை சத்தமில்லாமல் நம் தலையில் ஏறும் விதம். வடக்கு லண்டனில் என்ஃபீல்டில் 1967 ஜூன் 27 அன்று பார்க்லேஸ் வங்கி ஏடிஎம் திறந்தபோது அது வாடிக்கையாளருக்குச் செய்த சேவை. வங்கி மூடிய பிறகும் பணம் எடுக்கலாம். பிடிக்காதவர் கவுண்டருக்குப் போகலாம். இன்று பல இடங்களில் கவுண்டரே இல்லை.

முகவரி மாற்றுவது என்ற சின்ன வேலையையே எடுத்துக்கொள்ளுங்கள். முன்பு ஒரு படிவம் எழுதி நீட்டினால், மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் பார்த்து, "இங்க கையெழுத்து போடலையே" என்று திருப்பித் தந்து, வாங்கி வைத்துக்கொள்வார். இப்போது வீட்டிலிருந்தே செய்யலாம் என்கிறார்கள். லாகின் பக்கம் திறக்கிறது. பாஸ்வேர்டு நினைவில்லை. புதிது வைக்கப் போனால் ஒரு பெரிய எழுத்து வேண்டும், ஓர் எண் வேண்டும், ஒரு குறியீடு வேண்டும். ஆனால் அந்தக் குறியீடு கூடாது. (அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் இந்தக் கலவை விதிகளெல்லாம் வேண்டாம் என்று 2017-லேயே சொல்லிவிட்டது. சொல்லி என்ன பயன்!) ஓடிபி வருகிறது. அதைப் பார்க்க மெசேஜுக்குப் போய்த் திரும்பினால் பக்கம் மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. சான்றை ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக்கி ஏற்றினால் அளவு அதிகம் என்கிறது. சுருக்கி ஏற்றினால் எழுத்து தெளிவில்லை என்கிறது. கடைசியில் "ஏதோ தவறு நேர்ந்துவிட்டது, பிறகு முயலவும்" என்று வருகிறது. என்ன தவறு என்று கேட்க அந்தப் பக்கம் ஆள் இல்லை.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவரின் வேலை ஒழிந்துவிடவில்லை. சரிபார்ப்பது, ஏற்றுவது, திருத்துவது என்று அதில் பாதி உங்களிடம் வந்திருக்கிறது. நிறுவனத்தின் கணக்கில் இது செலவுக் குறைப்பு. உங்கள் ஞாயிற்றுக்கிழமை காலை எந்தக் கணக்கிலும் வராது. வயதானவர்களுக்கு இது இன்னும் கொடுமை. நாற்பது வருடம் தன் பணத்தைத் தானே நிர்வகித்த மனிதர், ஆறு இலக்க எண்ணைப் படித்துச் சொல்லப் பேத்தியை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறார். அவருக்குப் போனது நேரம் மட்டுமில்லை. அந்தப் பலவீனத்தைப் பார்த்துத்தான் மோசடிக்காரர்களும் "ஓடிபி சொல்லுங்க" என்று அவரையே தேடி வருகிறார்கள்.

மாற்று வழி மறைந்துவிட்டால் என்ன ஆகும் என்பதை 2024 ஜூலை 19 காட்டியது. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் பிழையான ஓர் அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின என்று மைக்ரோசாஃப்ட் கணக்கிட்டது. விமானங்கள் நின்றன, மருத்துவமனைகள் சிகிச்சைகளைத் தள்ளிவைத்தன. சில விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். எழுதத் தெரிந்த ஆளும் தாளும் இருந்த இடத்தில் வரிசை மெதுவாகவாவது நகர்ந்தது. காகித வழியை முழுவதும் மூடிவிடாதீர்கள் என்று நான் சொல்வதற்குப் பழம்பெருமை காரணமில்லை, இதுதான் காரணம்.

கவனச் சிதறலைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பதில் முழுமையாகாது, ஆனால் இதில் மிகைப்படுத்தல் அதிகம் என்பதால் சுருக்கமாகவே சொல்கிறேன். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் குளோரியா மார்க் அலுவலக ஊழியர்களைப் பல ஆண்டுகள் அளந்து பார்த்தவர். 2004-இல் ஒரு திரையில் சராசரியாக இரண்டரை நிமிடம் நின்ற கவனம், பிந்தைய அளவீடுகளில் 47 நொடிக்கு வந்திருக்கிறது. முடிவே இல்லாமல் உருண்டுகொண்டே போகும் பக்கத்தை 2006-இல் வடிவமைத்த ஏஸா ராஸ்கின், பிற்பாடு அதற்காக வெளிப்படையாகவே வருந்தினார். பக்கத்துக்கு ஒரு முடிவு இருந்தால் "போதுமா, இன்னும் வேண்டுமா" என்று கேட்டுக்கொள்ள ஒரு கணம் கிடைக்கும். அந்தக் கணத்தை எடுத்துவிட்டதுதான் அந்தக் கண்டுபிடிப்பு. இதுவரை சரி. ஆனால் மேசையில் போன் சும்மா இருந்தாலே சிந்தனைத் திறன் குறையும் என்ற 2017-ஆம் ஆண்டின் புகழ்பெற்ற ஆய்வைப் பிறகு செய்து பார்த்தவர்களில் பலருக்கு அந்த முடிவு கிடைக்கவில்லை. "டோபமின்" (மூளையில் சுரக்கும் ஒரு வேதிப்பொருள்) என்று ஒரு வார்த்தையைப் போட்டு எல்லாவற்றையும் விளக்கிவிடும் காணொளிகளை நம்பாதீர்கள்.

என் அனுபவத்தில் கவனத்தைக் குலைப்பதில் பாதி, திரையின் தந்திரம். மறு பாதி, யாரோ பதிலுக்குக் காத்திருக்கிறார்கள் என்ற நினைப்பு. போனை வேறு அறையில் வைத்தாலும் அந்த நினைப்பு கூடவே வருகிறது.

இத்தனையும் சொன்னதால் நான் இதற்கெல்லாம் எதிரி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஐபோனில் 2009-இல் திரையை வாய்விட்டுப் படிக்கும் வசதி வந்தது. தொட்ட இடத்தில் என்ன இருக்கிறது என்று அது சொல்லும். பார்வையில்லாதவர் இன்று மருந்து அட்டையை கேமரா முன் பிடித்தால் பெயரையும் காலாவதித் தேதியையும் போன் படித்துச் சொல்கிறது. முன்பு அதற்கு இன்னொருவர் வீட்டுக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். காது கேளாதவர்களுக்குத் தொலைபேசி நெடுங்காலம் பெரும்பாலும் மூடிய கதவாகவே இருந்தது. எழுத்துச் செய்தியும், சைகை மொழியில் பேச வீடியோ காலும் அதைத் திறந்துவிட்டன. இவர்களிடம் போய்த் திரை நேரத்தைக் குறையுங்கள் என்று உபதேசம் செய்ய எனக்குத் தைரியமில்லை. ஒரே கருவி ஒருவருக்குச் சுமையாகவும் இன்னொருவருக்குச் சுதந்திரமாகவும் இருப்பது ஏனென்றால், முன்பு தங்களால் என்ன செய்ய முடிந்தது என்பது அவர்களுக்கு வேறுவேறு.

அப்படியென்றால் என்ன செய்யலாம்? நோட்டிஃபிகேஷனை அணை, இரவில் போனைத் தள்ளி வை என்ற அறிவுரைகள் தவறில்லை, ஆனால் பலன் கொஞ்சம்தான். எதிர்பார்ப்பு என்பது பலர் சேர்ந்து வைத்திருக்கும் ஒன்று. நீங்கள் ஒருவர் மட்டும் விலகினால் "பொறுப்பில்லாதவர்" என்ற பட்டம்தான் கிடைக்கும். அதனால் பலரும் சேர்ந்துதான் அதை இறக்க வேண்டும். பிரான்சில் 2017 ஜனவரி 1 முதல், ஐம்பதும் அதற்கு மேலும் ஊழியர்கள் உள்ள நிறுவனங்கள் வேலை நேரத்துக்குப் பிறகு தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமை பற்றி ஊழியர்களோடு பேசி முடிவெடுக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட் முதல், வேலை நேரத்துக்கு வெளியே வரும் அழைப்புக்கு, மறுப்பது நியாயமற்றதாக இல்லாதவரை, பதில் சொல்லாமல் இருக்கச் சட்ட உரிமை உண்டு. மேலாளர் இரவு பத்து மணிக்கு மெயில் அனுப்புவதை இந்தச் சட்டங்கள் நிறுத்தவில்லை. காலையில் பார்க்கலாம் என்று விட்டவரைக் குற்றவாளி ஆக்காமல் தடுக்கின்றன.

வீட்டுக்குச் சட்டம் போட முடியாது, பேசித்தான் வைக்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பக் குழுவில் ஓர் ஏற்பாடு இருக்கிறது: அவசரம் என்றால் போன் செய்ய வேண்டும், செய்தியாக வந்தால் அது அவசரமில்லை, மறுநாள் பதில் வந்தாலும் குறையில்லை. இரண்டே வரி. ஆனால் இதைச் சொன்னவர் வீட்டில் மூத்தவர், அதனால்தான் எடுபட்டது. கடைக்குட்டி சொல்லியிருந்தால் "உனக்கு என்ன திமிர்" என்றிருப்பார்கள். அலுவலகத்திலும் மேலே இருப்பவர்தான் முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது.

நீல டிக்கை அணைக்க நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: செட்டிங்ஸில் பிரைவசி என்ற பகுதியில் ரீட் ரிசீப்ட்ஸ் என்று இருக்கும். அதை அணைத்தால் மற்றவர்கள் படித்தார்களா என்பதும் உங்களுக்குத் தெரியாது. குழுக்களில் அது செல்லாது. அங்கே நீங்கள் படித்தது தெரியத்தான் செய்யும்.